எந்தத் துணிக்கு எந்த கம்?

தையல் கேள்வி – பதில்

சென்ற இதழில் துண்டுத் துணிகளை இணைத்து விரிப்பு தைப்பது பற்றி எழுதியபோது, "குண்டூசி குத்த முடியாத இடத்தில் ஒரு சொட்டு கம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் மேசையை நிறைத்துவிட்டன. சரி, இந்த முறை முழுக்க கம்தான்.

முதலில் ஒன்று. கடையில் போய் "துணி ஒட்டுற கம் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்து துவைத்ததும் அந்த கம் போய்விட வேண்டுமா, இல்லை துணி கிழிகிற வரைக்கும் இருக்க வேண்டுமா? இதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். போக வேண்டியது போகாமல் நிற்பதும், நிற்க வேண்டியது போய்விடுவதும்தான் கீழே வருகிற பாதிப் புலம்பலுக்குக் காரணம்.

அம்மாவின் பழைய காட்டன் சேலைகள், கட் பீஸ்கள் எல்லாம் சேர்த்துப் பேத்திக்கு ஒரு குவில்ட் தைக்கிறேன். மேலே துண்டுத் துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு சேலைத்துணி. மெஷினில் ஓட்டும்போது அடித்துணி நகர்ந்து மடிப்பு மடிப்பாக விழுகிறது. குண்டூசி கையைக் கிழிக்கிறது. கம் வைத்து ஒட்டிக்கொண்டு தைக்கலாமா? வீட்டில் மர வேலைக்கு வாங்கிய ஃபெவிகால் மீதி இருக்கிறது.
– திண்டுக்கல் வாசகி

ஒட்டிக்கொண்டு தாராளமாகத் தைக்கலாம் அம்மா. மர வேலைக்கு வாங்கியது மட்டும் வேண்டாம். அதை நாற்காலிக்கே விட்டுவிடுங்கள்.

வெள்ளையாக, பால் மாதிரி இருக்கிற கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். பாலிவினைல் அசிடேட் என்கிற பொருளைத் தண்ணீரில் நுண்ணிய துளிகளாகக் கலந்து வைத்திருப்பார்கள். தண்ணீர் காய்ந்ததும் மீதி ஒரு படலமாக நிற்கும். மரத்துக்கான வகையில் அந்தப் படலம் கெட்டியாக இருக்கும், சாதாரணத் துவையலில் போகாது. நீங்கள் தைக்கும்போது ஊசி அதில் 'டக் டக்' என்று இடிக்கும். பேத்தி படுத்தால் முதுகில் உறுத்தும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று விற்கிற வகையில் தண்ணீர் பட்டால் படலம் கரைகிற மாதிரி செய்திருப்பார்கள். பாட்டிலில் 'வாஷபிள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல் இல்லாத வெள்ளை கம்மை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், குவில்ட் பக்கம் கொண்டுவராதீர்கள்.

வாங்கியதும் நேரே குவில்ட்டில் வைக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு துணியிலும் ஒரு கைக்குட்டை அளவு துண்டில் ஒரு சொட்டு விட்டு, காயவைத்து, வழக்கமாகத் துவைப்பது போலத் துவைத்துப் பாருங்கள். கறை நிற்கிறதா, மொடமொடப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இதில் இன்னொரு லாபம் உண்டு. சின்னாளபட்டிச் சுங்குடி உங்கள் பக்கத்து ஊர்ச் சரக்கு. சேலை மூட்டையில் அதுவும் நிச்சயம் இருக்கும். புதுச் சுங்குடியில் சாயம் இறங்கினால், கம்மில் இருக்கிற தண்ணீரே அதை இழுத்து வட்டமாகப் பரப்பிவிடும். அதனால் எல்லாத் துணியையும் முதலில் தனித்தனியாக நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை உள்பக்கம் மேலே தெரிகிற மாதிரி விரியுங்கள். நாலு ஓரத்தையும் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மிளகு அளவுச் சொட்டாக, நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கோடு கோடாக இழுக்காதீர்கள், பிரஷ்ஷால் தடவவும் தடவாதீர்கள். முழுக்கத் தடவினால் குவில்ட் அட்டை ஆகிவிடும். தையல் ஓடப்போகிற கோட்டின் மேலேயே சொட்டு விழாமல், பக்கத்தில் விழட்டும். அதன் மேல் பஞ்சு ஷீட்டை வைத்து உள்ளங்கையால் நடுவிலிருந்து தள்ளித் தள்ளி அமுக்குங்கள். மறுபடி சொட்டு, அதன் மேல் துண்டுத் துணி.

ஈரத்தோடு மெஷினில் கொண்டுபோய் வைத்தால் ஊசியில் பசை சுற்றித் தையல் விட்டுவிட்டு விழும். அவசரம் என்றால் இஸ்திரி போட்டு உலர்த்தலாம். நம் கடைகளில் கிடைக்கிற பஞ்சு ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர். சூடு அதிகமானால் அது உருகி அப்பளமாகிவிடும். அதனால் குறைந்த சூட்டில், காட்டன் துணி இருக்கிற பக்கத்திலிருந்து லேசாக அழுத்தி எடுங்கள். அவசரம் இல்லையென்றால் ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் விட்டுவிடுவதே மேல். தைத்து முடித்ததும் அந்த வாரமே தண்ணீரில் ஊறவைத்து அலசிவிடுங்கள். பேத்திக்குக் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறையும் அலசுங்கள்.

கம் வாங்கவே யோசிப்பவர்களுக்கு மைதாப் பசை இருக்கிறது. ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடி போல வரும் வரை கிண்டினால் போதும். நன்றாகவே பிடிக்கும். ஆனால் தைத்துப் பாதியில் மடித்து பீரோவில் வைத்தீர்களென்றால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். நான்கு நாளில் தைத்து முடித்துத் துவைக்கிற ஆளாக இருந்தால் மட்டும் மைதா.

கம்மே இல்லாமல் முடியாதா என்றால், முடியும். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் 'கவண்டி' என்று ஒரு விரிப்பு தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு துண்டாக வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். துண்டை வைப்பதும் தைப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் நகர்கிற பிரச்சினையே அவர்களுக்கு இல்லை. கடைசியில் நான்கு மூலையிலும் துணியை மடித்துக் குட்டிப் 'பூ' வைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமை. மெஷின் இல்லாமல், மாலை நேரத்தில் உட்கார்ந்து தைக்க உங்களுக்குப் பொறுமை இருந்தால், நான் கம்முக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆரி வேலை செய்த பட்டு பிளவுஸ். கல்யாணத்துக்கு ஒரு முறைதான் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கை ஓரத்தில் குந்தன் கற்கள் பாதி இல்லை. டிரை வாஷ் கொடுத்ததில் மீதியும் ஆடுகிறது. எந்த கம் போட்டு ஒட்டினால் இனிமேல் விழாது?
– கோயம்புத்தூர் வாசகி

எந்த கம் போட்டாலும் கம் மட்டும் போட்டால் ஒருநாள் விழும் கண்ணு. உங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர் கல்லை ஒட்டியதோடு நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். ஒழுங்கான ஆரி வேலையில் கம் என்பது கல் நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். கல்லை ஒட்டி, காயவிட்டு, அதன் விளிம்பைச் சுற்றி ஜரி நூலாலோ மணியாலோ வேலி கட்டுவார்கள். அந்த வேலிதான் கல்லைப் பிடித்து வைத்திருப்பது. துளை உள்ள கல்லென்றால் கம்மே வேண்டாம், நேராக நூலில் தைத்துவிடலாம்.

சரி, விழுந்ததைத் திரும்ப வைக்க வேண்டும். இந்த கம் 'இருக்க வேண்டிய' வகை. ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடி போலத் தெளிவாக, ஊசி முனையோடு டியூபில் வருகிற பி-7000 போன்றவற்றைக் கேளுங்கள். காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும் என்பதால் கை மடக்கும்போது தெறிக்காது. வெள்ளை கம் இங்கே வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டாலே இளகிவிடும்.

ஒட்டுவதற்கு முன் பழைய பசையைக் கல்லின் பின்பக்கத்திலிருந்து நகத்தால் உரித்து எடுங்கள். குந்தன் கல்லின் பின்னால் வெள்ளியோ தங்கமோ போல ஒரு பூச்சு இருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் கல் கறுத்துப்போகும், அதனால் கத்தி, பிளேடு எல்லாம் வேண்டாம். பசையைக் கல்லில் வையுங்கள், துணியில் வைக்காதீர்கள். பட்டில் நேராக வைத்தால் நூலுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி தெரியும். கல்லின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி போதும். அழுத்தும்போது விளிம்புக்கு வெளியே வந்தால் நீங்கள் வைத்தது அதிகம். வெளியே வந்ததை ஈரமாகத் துடைத்தால் பரவும். காய்ந்த பிறகு ஊசி முனையால் உருட்டி எடுத்தால் வந்துவிடும்.

கை வைத்துப் பார்த்து "ஒட்டிக்கிச்சு" என்று அன்றைக்கே போட்டுக்கொண்டு போகாதீர்கள். மேலே காய்ந்தாலும் கல்லுக்கு அடியில் காய ஒன்று, இரண்டு நாள் ஆகும். பிளவுஸை மடிக்காமல் தட்டையாக வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், வாடை தலைவலி கொடுக்கும்.

டிரை வாஷ் விஷயம் தனி. பேர்தான் டிரை. அங்கே தண்ணீருக்குப் பதிலாக அழுக்கைக் கரைக்கிற ஒரு ரசாயனத் திரவத்தில் துணியை முக்கி எடுக்கிறார்கள். எண்ணெய்ப் பசையைக் கரைக்கிற அந்தத் திரவம் பெரும்பாலான ஒட்டுப் பசைகளையும் இளக்கும். கல் ஒட்டிய பிளவுஸைக் கொடுக்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள், அக்குள் பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்று. என்னைக் கேட்டால் வியர்வைத் துணி ஒன்றை அக்குளில் உள்ளே தைத்து வைத்துக்கொண்டு, டிரை வாஷுக்கே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

அவசரத்துக்குப் பையனின் யூனிஃபார்ம் கிழிசலை உடனே ஒட்டுகிற சின்ன டியூப் பசையால் ஒட்டினேன். துணியிலிருந்து புகை மாதிரி வந்தது, விரல் சுட்டது. டியூப் கெட்டுப்போனதா?
– சேலம் வாசகி

கெட்டுப்போகவில்லை, அதன் குணமே அது. சயனோஅக்ரிலேட் என்கிற அந்தப் பசை ஈரப்பதம் பட்டதும் இறுகுகிறது. காட்டனில் காற்றின் ஈரம் எப்போதும் கொஞ்சம் இருக்கும், நூலிழைகளால் பரப்பும் அதிகம். எனவே சொட்டு முழுவதும் ஒரே நொடியில் இறுகப் பார்க்கும். அப்போது வெளிவருகிற சூடு தோலைக் கொப்பளிக்க வைக்கப் போதும். கம்பளியிலும் இப்படித்தான்.

1942-ல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிவில்லைக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது அகப்பட்டது இது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1958-ல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. தையல் பெட்டியில் அதற்கு இடமில்லை. காய்ந்தால் கண்ணாடி போல விறைக்கும், இரண்டு முறை மடக்கினால் உடையும், துணியையும் சேர்த்துக் கிழிக்கும்.

இனி எப்போதாவது துணி வழியாகத் தோலில் பட்டுச் சுட்டால், இழுத்துப் பிய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டிய விரல்களைச் சோப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். கொப்பளம் வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

யூனிஃபார்முக்கு உள்பக்கம் ஒரு துண்டு வைத்து, சுற்றி ஒரு தையல். பையன் சட்டையைக் கழற்றி, குளித்து வருவதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் குவில்டிங் குழுவில் எல்லாரும் பிள்ளையளின்ரை ஸ்கூல் கம்மைத்தான் பாவிக்கினம். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மம்மாவின் கூறைச்சேலை ஒன்று வைத்திருக்கிறேன், அதை வெட்டி மகளுக்குக் குவில்ட் ஆக்க விருப்பம். கம் பாவிக்கலாமோ?
– டொரொன்டோ வாசகி

உங்கள் குழுவினர் செய்வது காட்டனுக்குச் சரி. துவைத்துக் கரைக்க முடிகிற துணிக்குத் துவைத்தால் கரைகிற கம். முடித்ததும் துவைத்துவிடுகிறார்கள், கதை முடிந்தது. தைத்துவிட்டுத் துவைக்காமல் வருடக்கணக்கில் சுவரில் மாட்டி வைப்பவர்களுக்கு மட்டும் நான் சொல்வது, அந்த கம் துணிக்குள்ளேயே கிடந்து விறைக்கும், மஞ்சளாகவும் மாறலாம்.

கூறைச்சேலை வேறு. பட்டும் ஜரியும் சேர்ந்த துணியைத் தண்ணீரில் ஊறவைத்து கம்மைக் கரைக்க முடியாது. சொட்டு கம்மில் உள்ள தண்ணீரே பட்டில் வட்டத் தடம் விடும். கடையில் உள்ள எந்த கம்மையும் அதில் வைக்காதீர்கள். இஸ்திரி போட்டு ஒட்டுகிற ஃபியூசிங் துணியும் வேண்டாம். ஒருமுறை உருகி நூலுக்குள் இறங்கிய பிசினைத் திரும்ப எடுக்கவே முடியாது. உங்கள் மகளின் மகள் ஒருநாள் அதைப் பிரித்து வேறு மாதிரி தைக்க நினைக்கலாம், அந்த வழியை அடைக்காதீர்கள்.

ஸ்ப்ரே வகையையும் உங்கள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பிரான்சில் தயாராகும் 505 அதில் பெயர் பெற்றது. காட்டனுக்கு அருமையான சாமான். பெரிய விரிப்பைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பிரித்து மாற்றியும் வைக்கலாம். ஆனால் அந்த ஊர்க் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடிக்காதீர்கள். மூச்சுக்கும் கெடுதல், தரையும் பிசுபிசுக்கும். அதுவும் கூறைக்கு வேண்டாம்.

கூறைக்கு நூல்தான். மெல்லிய வெள்ளைக் காட்டன், மல்மல் கிடைத்தால் நல்லது, அதைப் பட்டின் பின்னால் வைத்து, மெல்லிய ஊசியில் பட்டு நூல் கோத்து, நீள நீளமாகக் கைத்தையல் போட்டுப் பிடியுங்கள். பிறகு அந்த இரட்டைத் துணியை ஒரே துணியாக நினைத்து வெட்டுங்கள். பழம்பட்டின் பாரத்தைப் பின்னால் உள்ள காட்டன் தாங்கிக்கொள்ளும். குண்டூசி குத்தினால் பட்டில் துளை நிற்கும், எனவே தையலுக்குள் மறையப்போகிற ஓரத்தில் மட்டும் குத்துங்கள். சேலையை மடித்து வைத்த மடிப்புகளில்தான் பட்டு முதலில் வெடிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்தக் கோடுகளைத் தவிர்த்துத் துண்டுகளை எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, கேட்காவிட்டாலும் பரவாயில்லை. முந்தானையை மட்டும் வெட்டாமல் முழுசாக நடுவில் வைத்து, உடல் பகுதியைத் துண்டுகளாக்கிச் சுற்றிலும் வைத்தால் மகளுக்கு அது சேலையாக இருந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

பிளவுஸ் கழுத்துக்குக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டுகிறேன். முதல் துவையலிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. கேன்வாஸ் மட்டமா?
– மதுரை வாசகி

இருக்கலாம். ஆனால் என் வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் முதலில் இஸ்திரிப் பெட்டியைத்தான் பார்ப்பேன்.

ஒட்டும் கேன்வாஸின் ஒரு பக்கத்தில் மணல் தூவியது போல மினுமினுக்கிற புள்ளிகள் இருக்கும். அதுதான் பசை, சூட்டில் உருகுகிற பிளாஸ்டிக் பிசின். அது உருகி, துணியின் நூலுக்குள் இறங்கி, ஆறி இறுக வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி முன்னும் பின்னும் தேய்க்கிறோம். ஒரு இடத்திலும் போதுமான நேரம் சூடு நிற்பதில்லை, பிசின் பாதி உருகி மேலோட்டமாக ஒட்டுகிறது. தேய்க்காமல் அழுத்துங்கள். பெட்டியைக் கம்பளிச் சூட்டில் வைத்து, மேலே ஒரு ஈரத்துணி போட்டு, ஒரே இடத்தில் பத்திலிருந்து பதினைந்து விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். முழுக்க ஆறும் வரை துணியைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கக் கூடாது. சூடாக இருக்கும்போது தூக்கினால் அப்போதே பிரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் எழும்பினால் சுருக்கம்தான் காரணம். பிளவுஸ் துணி காட்டன், கேன்வாஸ் வேறு ரகம், முதல் தண்ணீரில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துங்கள். காட்டன் கேன்வாஸாக இருந்தால் அதையும் வெதுவெதுப்பான தண்ணீரில் மடிக்காமல் போட்டு எடுத்து, பிழியாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். பேப்பர் கேன்வாஸுக்கு இது தேவையில்லை.

எழும்பியதை மறுபடி அழுத்தினால் கொஞ்ச நாள் ஒட்டும். கழுத்தின் ஓரத்தில் ஒரு மேல்தையல் ஓட்டிவிட்டீர்களானால் எழும்பினாலும் வெளியே தெரியாது.

சேலைக்கு ஃபால்ஸ் தைக்க நேரமில்லை. ஒட்டும் டேப் வைத்து இஸ்திரி போட்டால் போதுமா?
– நாகர்கோவில் வாசகி

போதாது. பேன்ட் காலை மடித்து ஒரு நாள் இன்டர்வியூவுக்குப் போக அந்த டேப் நல்லது. சேலையின் கீழ் ஓரம் நாள் முழுக்கச் செருப்பில் மிதிபட்டு இழுபடுகிற இடம். தவிர, சிந்தெடிக் சேலையில் டேப் உருகும் சூட்டுக்குச் சேலையே சுருங்கிவிடும்.

குழந்தைகள் டி-ஷர்ட்டில் யானை, கார் என்று துணிப்படம் வைத்து விற்கிறேன். சுற்றித் தைக்க ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. ஃபேப்ரிக் கம் மட்டும் வைத்து விற்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பனியன் துணிக்கு ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தருவதா? இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். பனியன் துணி இழுபடும், ஒட்டிய படம் இழுபடாது. குழந்தை தலை வழியாகச் சட்டையைக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஓரத்தில்தான் இழுப்பு விழும். கெட்டியாகக் காய்கிற கம் அங்கே விரிசல் விடும். ஓரம் தூக்கினால் பிள்ளை சும்மா இருக்குமா, உட்கார்ந்து உரிக்கும்.

படத்தின் பின்னால் இருபுறமும் ஒட்டுகிற ஃபியூசிங் வலையை வைத்து இஸ்திரியில் ஒட்டுங்கள். அது ஓரம் நூல் பிரிவதையும் தடுக்கும். பிறகு படத்தைச் சுற்றி ஒரு ஜிக்ஜாக். கூலி கட்டவில்லையென்றால் படத்தைச் சிக்கலில்லாத வடிவமாக மாற்றுங்கள். யானையின் வாலையும் தந்தத்தையும் துணியில் வெட்டாமல் ஃபேப்ரிக் பெயின்ட்டில் வரைந்துவிட்டால் தைக்கிற சுற்றளவு பாதியாகிவிடும். கம் மட்டும் வைத்து விற்றால் முதல் விற்பனை நடக்கும். அதே அம்மா இரண்டாவது சட்டை வாங்க வரமாட்டார்.

ஹாட் கம் கன் உங்களுக்கு ஏன் பிடிக்காது? போன வருடமும் திட்டி எழுதியிருந்தீர்கள்.
– வேலூர் மாணவி

திட்டுவேன். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகுகிற பசையைத் துணியில் வைப்பது எந்த ஊர் நியாயம்? வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும் இளகும்.

பள்ளி மாறுவேடப் போட்டிக்குக் கிரீடம், இறக்கை, அட்டைக் கவசம் செய்ய மட்டும் கன்னை எடுங்கள், அங்கே அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய பொருளுக்கு அது போதும். சொட்டு விரலில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும், பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். துணியில் தவறி விழுந்தால் ஐஸ் கட்டி வைத்து விறைக்கச் செய்து உரியுங்கள்.

கம் வைத்த துணியைத் தைத்தால் ஊசியெல்லாம் பிசுக்கு. எதை வைத்துத் துடைப்பது? இஸ்திரிப் பெட்டியிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

ஊசிக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட். மெஷினை நிறுத்தி, பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவரை மெஷின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் பாகத்தின் பளபளப்பை எடுத்துவிடும். அடிக்கடி பிசுக்குப் பிடித்தால் 14 நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 16 போட்டுப் பாருங்கள். துளை கொஞ்சம் பெரிதானால் ஊசி உரசுவது குறையும். அதற்கும் அடங்கவில்லையென்றால் நீங்கள் வைக்கிற கம் அதிகம், அல்லது காயவில்லை.

இஸ்திரிப் பெட்டிக்கு, வெதுவெதுப்பான சூட்டில் பழைய காட்டன் துணியில் அழுத்தித் தேய்த்தால் ஃபியூசிங் பிசின் துணிக்கு வந்துவிடும். பிளேடு போட்டுச் சுரண்டாதீர்கள். இனிமேல் ஒட்டும்போது மேலே ஒரு பேக்கிங் பேப்பர், சமையலறையில் கேக் தட்டில் போடுகிறோமே, அது போட்டுக்கொண்டால் பெட்டியில் ஒட்டவே ஒட்டாது.

சின்னச் சின்ன அறுகோணத் துண்டுகளை அட்டை மேல் மடித்து ஒட்டித் தைக்கிறேன். இதற்கு எது நல்லது?
– புதுச்சேரி வாசகி

பிள்ளைகளின் கம் ஸ்டிக். 1969-ல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் லிப்ஸ்டிக் குழாயைப் பார்த்து இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. நம் குழந்தைகள் அதை உதட்டில் பூசிப் பார்ப்பதில் தப்பே இல்லை பாருங்கள். தண்ணீரில் கரைகிற வகையாக வாங்குங்கள். அட்டையின் விளிம்பை ஒட்டிப் பூசாமல், சற்று உள்ளே தள்ளி ஒரு கோடு இழுங்கள். விளிம்பில் கம் இருந்தால் துண்டுகளை இணைக்கும்போது ஊசி அட்டையையும் சேர்த்துக் குத்தும், பிறகு அட்டையை உருவ முடியாது.

நம் வெயிலுக்கு ஸ்டிக் குழைந்துவிடுகிறது என்றால் உபயோகிக்கும் முன் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடியைச் சரியாக மூடாமல் காய்ந்துபோன ஸ்டிக்கில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து ஓட்டப் பார்க்காதீர்கள். அது துணியில் திரி திரியாக நிற்கும், ஒட்டாது. புதிது ஒன்று வாங்கிவிடுங்கள்.